ஃப்ரீ ரைடர்: இலவசப் பயணியா, பங்கிலாப் பயனாளியா?

பெங்களூரில் மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் பக்கம் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகளில் இந்தச் சொல் மாதக் கடைசியில் காதில் விழும். "கேன் தண்ணிக்கு இந்த மாசமும் காசு போடல மச்சி, சரியான ஃப்ரீ ரைடர்டா அவன்!" திட்டில் நியாயம் உண்டு, சொல்தான் பொருந்தவில்லை. இருபது லிட்டர் கேனில் ஒருவர் குடித்தது இன்னொருவருக்கு இல்லை. காசு தராமல் அதில் குடித்தவர் வெறும் கடன்காரர். ஃப்ரீ ரைடர் வேறு ஆள்: எல்லோருக்கும் பொதுவான ஒன்றுக்குத் தன் பங்கைப் போடாமலே பயனைப் பெறுபவர்.

காசு தராமல் போகிறவர் என்ற பொருளில் இந்தச் சொல் அமெரிக்க ரயிலில் பிறந்தது என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ரயில் கம்பெனிகள் அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் இலவச பாஸ்களை வாரி வழங்கின. 1906-இல் ஹெப்பர்ன் சட்டம் வந்துதான் அதற்குக் கடிவாளம் போட்டது. ரயிலிலிருந்து சொல் தொழிற்சங்கத்துக்கு இடம் மாறியது. 1935-இன் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, பெரும்பான்மையோர் தேர்ந்தெடுத்த சங்கம் அந்தப் பிரிவில் உள்ள எல்லோருக்காகவும் பேசியாக வேண்டும். சங்கம் வாங்கித் தந்த கூலி உயர்வு சந்தா கட்டாதவருக்கும் கிடைக்கும். அவரைத்தான் சங்கத்துக்காரர்கள் ஃப்ரீ ரைடர் என்று திட்டினார்கள். பொருளியலில் இந்தச் சிக்கலுக்கு முழு உருவம் கொடுத்தவர் மன்கர் ஓல்சன். கூட்டுச் செயல்பாடு பற்றிய அவருடைய நூல் 1965-இல் வந்தது.

இது புரியப் 'பொதுப் பண்டம்' புரிய வேண்டும். 1954-இல் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் அதற்கு இலக்கணம் வகுத்தார்: ஒருவர் அனுபவிப்பதால் இன்னொருவர் பங்கு குறையாது. இதோடு இன்னொன்றும் சேரும்: காசு தராதவரை விலக்கி வைக்கவும் முடியாது. தெருவிளக்கும் நாட்டுப் பாதுகாப்பும் பாடப்புத்தக உதாரணங்கள். வைஃபை அப்படி இல்லை. பாஸ்வேர்டை மாற்றினால் ஆள் வெளியே. அதற்குக் 'கழகப் பண்டம்' என்று தனிப் பெயர்.

சரி, பங்கு வீட்டில் எது பொதுப் பண்டம்? சுத்தம்தான். பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துச் சுருண்டு கிடக்கும் முடியை ஒருவர் எடுத்துப் போட்டால் நாலு பேர் காலடியிலும் தண்ணீர் தேங்காது. "நீ எடுக்கலைல்ல, உன் காலடியில மட்டும் தேங்கட்டும்" என்று சொல்ல வழியே இல்லை. பச்சைக் குப்பை, காய்ந்த குப்பை என்று பிரித்து வைப்பதும், காலையில் குப்பை வண்டி வரும்போது கீழே இறங்குவதும் இந்த வகைதான்.

ஓல்சன் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சின்னக் குழுவில் பெரியவரைச் சின்னவர் சுரண்டுவார் என்பது. பெரியவர் என்றால் அந்தப் பண்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவர். நாலு பேரில் அழுக்கைச் சகிக்கவே முடியாத ஒருவர் இருப்பார் அல்லவா? மற்றவர்களுக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்போதே அவருக்குக் குமட்டிவிடும். மாவு காய்ந்து ஒட்டிய தோசைக்கல்லைக் கடைசியில் தேய்ப்பது அவர்தான். மற்ற மூவரும் கெட்டவர்கள் என்றில்லை. காத்திருந்தால் வேலை நடந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இருநூறு வீட்டு அபார்ட்மெண்டில் கதை வேறு. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடப்பவரைப் போல, அங்கே பங்கு போடாதவரை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீருக்குத் தனி மீட்டர் இல்லாமல் பில்லைச் சமமாகப் பிரிக்கும் இடங்களில், ஒருவர் மிச்சம் பிடிப்பதன் பலன் எல்லோருக்கும் போய்விடுவதால், குழாயை இறுக்கி மூட யாருக்கும் அவசரம் இருக்காது. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் அறிவிக்க வேண்டி வந்தது. நம் ஊர்களுக்கு இது பழைய பாடம். ஏரியைத் தூர்வார வீட்டுக்கொரு ஆள் வரும் குடிமராமத்து வழக்கம் பழையது. ஆனால் அதற்கும் 1858-இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள்.

இனி தமிழுக்கு என்ன சொல்லலாம்? 'ஒட்டுண்ணி' ஆகாது. அது ஒட்டிய உயிரை உறிஞ்சும், இவரால் பண்டம் குறைவதில்லை. 'தண்டச்சோறு' ஆளையே வைகிற சொல். டிக்கெட் இல்லாமல் ரயிலேறுகிறவரை நாம் 'வித்தவுட்' என்போமே, அது மூலத்துக்கு நெருக்கம். ஆனால் வித்தவுட்டைப் பரிசோதகர் இறக்கிவிடலாம். இறக்கிவிட முடியாததுதான் இங்கே சிக்கலே. அந்த வகையில் ஆங்கிலச் சொல்லும் கொஞ்சம் கோணல்தான். 'ஓசி' நல்ல சொல். கிழக்கிந்தியக் கம்பெனித் தபாலிலிருந்து வந்தது என்ற கதையைக் கதையாகவே விட்டுவிடலாம்.

என் தேர்வு 'பங்கிலாப் பயனாளி': பங்கு போடாமல் பயன் பெறுபவர். பேச்சில் 'ஓசிப் பயனாளி' போதும். அடிக்கடி கண்ணில் படும் 'இலவசப் பயணி' மட்டும் வேண்டாம். 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்கள் அரசுச் சாதாரணப் பேருந்துகளில் காசில்லாமல் போகிறார்கள். கண்டக்டர் பூஜ்ய டிக்கெட் கிழித்துத் தருகிறார், கட்டணத்தை அரசு ஏற்கிறது. அவர்கள்தான் அசல் இலவசப் பயணிகள். 'இலவசப் பயணிச் சிக்கல்' என்று தலைப்பு வைத்தால் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்து நெரிசலைப் பற்றிய கட்டுரை என்றுதான் நினைப்பார்கள்.