மெக்கின்லி பட்டனில் சூட வாசனை

நியூ ஜெர்சியில் இருக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தேர்தல் பட்டன் ஒன்றை வாங்கியிருக்கிறார். சட்டையில் குத்திக்கொள்ளும் வட்ட பேட்ஜ், நடுவில் 1896 அதிபர் தேர்தலில் நின்ற வில்லியம் மெக்கின்லியின் முகம். தூசியைத் துடைக்கலாம் என்று துணியால் அழுத்தித் தேய்த்தபோது சூட வாசனை வந்ததாம். “எங்கள் வீட்டுப் பூஜை அறையிலிருந்து எடுத்த பொருள் என்றால் சரி, அமெரிக்கர் ஒருவரின் பரணிலிருந்து வந்த பொருளில் எப்படி? எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா?” என்று கேட்கிறார்.

இல்லை, பிரமை இல்லை. அது சூடமேதான். அந்தப் பட்டனின் மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும் மெல்லிய தகடு இருக்கிறதே, அதன் எடையில் நான்கில் ஒரு பங்கு கற்பூரமாக இருக்கலாம். அந்தக் கற்பூரம் இல்லாவிட்டால் அமெரிக்கத் தேர்தல் பட்டன் என்ற பழக்கமே 1896இல் அப்படி வெடித்துக் கிளம்பியிருக்காது என்பது என் எண்ணம். அதை விளக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

“பட்டன்” என்ற பெயர் சும்மா வரவில்லை. 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது, ஆதரவாளர்கள் நிஜமாகவே கோட்டில் தைத்துக்கொள்ளும் செம்பு, பித்தளைப் பொத்தான்களை அணிந்தார்கள். “அதிபர் நீடூழி வாழ்க” என்ற வாசகமும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் சிலவற்றில் பொறித்திருந்தன. உலோகத்தில் எழுத்தைப் பொறிக்கலாம், ஆனால் முகம்? அதற்கு 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு லிங்கனின் ஆட்கள் டின்டைப் எனப்படும் சின்னஞ்சிறு இரும்புத்தகட்டுப் புகைப்படங்களைப் பித்தளை வளையத்துக்குள் வைத்து விநியோகித்தார்கள். ஒரு பக்கம் லிங்கன், மறுபக்கம் துணை அதிபர் வேட்பாளர் ஹாம்லின். மேலே ஓட்டை போட்டு நாடா கோத்துச் சட்டையில் மாட்டிக்கொள்வார்கள். முதன்முதலாக, வேட்பாளரை நேரில் பார்த்திராத ஒரு விவசாயி அவருடைய உண்மையான முகத்தை நெஞ்சில் தாங்கி நடந்தார். அழகான பொருள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு புகைப்படம். லட்சக்கணக்கில் செய்து இலவசமாக வாரி இறைக்க முடியாது.

தாளில் அச்சடிப்பது மலிவு. ஆனால் வெறும் தாளைச் சட்டையில் குத்தினால் ஒரு மழைக்குத் தாங்காது. கண்ணாடி போட்டால் கனம், உடையும். தாளின் மேல் படியக்கூடிய, வளைகிற, தெளிவான, தண்ணீர் புகாத ஏதாவது வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது, செல்லுலாய்டு.

செல்லுலாய்டின் கதை பில்லியர்ட்ஸ் மேசையில் தொடங்குகிறது என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பில்லியர்ட்ஸ் பந்து செய்த யானைத் தந்தத்துக்கு மாற்று கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள், நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் ஜான் வெஸ்லி ஹயாட் என்ற இளைஞர் முயன்றார், 1870இல் காப்புரிமை வாங்கினார். மூலப்பொருள் பஞ்சு. பஞ்சு என்றால் செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் அலகுகள் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலி. அதை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் சங்கிலியில் உள்ள ஓ-ஹெச் குழுக்களில் பல நைட்ரேட்டாக மாறும். அளவுக்கு மீறி மாற்றினால் அது வெடிமருந்து, துப்பாக்கிப் பஞ்சு. கொஞ்சம் குறைவாக நிறுத்தினால் வெடிக்காது, ஆனால் வேகமாக எரியும். லிங்கனின் டின்டைப் படங்களை இரும்புத் தகட்டில் ஒட்டவைத்திருந்ததும் இதே பொருள்தான், ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த கொலோடியன் என்ற பசையாக.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. இப்படி நைட்ரேட் ஏறிய பஞ்சு, அதாவது நைட்ரோசெல்லுலோஸ், தனியாக இருக்கும்போது உதவாக்கரை. சங்கிலிகள் விறைப்பானவை, ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவை. சூடாக்கி இளக்கலாம் என்றால் இளகுவதற்கு முன்பே சிதைந்து தீப்பற்றும். ஹயாட்டுக்கு முன்பே இங்கிலாந்தில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் இதைக் கரைப்பானில் இளக்கி அச்சில் வார்த்து 1862இல் லண்டன் கண்காட்சியிலேயே வைத்தார், பரிசும் வாங்கினார். ஆனால் கரைப்பான் காற்றில் போகப் போக அவருடைய சீப்புகள் கோணிக்கொண்டு சுருங்கின. ஆக, கரைப்பான் உள்ளே போய்ச் சங்கிலிகளைப் பிரிக்க வேண்டும், வேலை முடிந்ததும் வெளியே ஓடாமல் அங்கேயே தங்கவும் வேண்டும். அப்படி ஒரு கரைப்பான் வேண்டும் என்றால் அது சாதாரண வெப்பத்தில் திண்மமாக இருக்க வேண்டும். திண்மமான கரைப்பான்! கேட்கவே விசித்திரமாக இருக்கிறது, ஆனால் சூடம் சரியாக அதுதான். பார்க்ஸும் கற்பூரத்தைத் தொட்டுப் பார்த்தவர்தான், ஆனால் நைட்ரோசெல்லுலோஸோடு அதை நன்றாகப் பிசைந்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்தால் கற்பூரமே கரைப்பானாகிவிடும் என்பதைப் பிடித்துக்கொண்டவர் ஹயாட்.

மூலக்கூறு அளவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கற்பூர மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். கார்பன்கள் ஒரு கூண்டு மாதிரி மூடிக்கொண்டிருப்பதால் கிட்டத்தட்ட உருண்டை வடிவம். உருண்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் ஒன்று மட்டும் கை மாதிரி. அந்தக் கை நைட்ரோசெல்லுலோஸ் சங்கிலியில் மாறாமல் மிஞ்சியிருக்கும் ஓ-ஹெச் குழுவைப் பிடித்துக்கொள்கிறது. முன்பு அந்த ஓ-ஹெச் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்திருந்தது, இப்போது நடுவில் ஓர் உருண்டை புகுந்து அந்தப் பிடியை வாங்கிக்கொண்டது. இறுகக் கட்டிய கரும்புக் கட்டுக்குள் கோலிக்குண்டுகளைச் சொருகினால் எப்படி இருக்கும்? கரும்புகள் ஒன்றையொன்று விட்டு விலகும், இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் கட்டு அவிழாது. அதேதான். 80, 90 டிகிரி சூட்டில் இந்தக் கலவை மாவு மாதிரி இளகுகிறது, ஆறினால் இறுகுகிறது, மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகுகிறது. இன்று நெகிழ்வூட்டி என்று பிளாஸ்டிக் தொழிலில் எதையெல்லாம் சேர்க்கிறார்களோ, அதற்கெல்லாம் மூத்த அண்ணன் இந்தச் சூடம்தான். ஹயாட்டின் முதல் தயாரிப்புகளில் பல்செட்டும் ஒன்று, வாயில் வைத்தால் கற்பூரச் சுவை வந்ததாகவும், சூடான பானம் குடித்தால் தட்டு நெளிந்ததாகவும் புகார்கள் உண்டு. மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு இரண்டு புகாருக்கும் காரணம் புரிந்திருக்கும்.

அந்தக் கற்பூரம் எங்கிருந்து வந்தது? அன்று செயற்கைக் கற்பூரம் சந்தைக்கு வரவில்லை. தைவானிலும் ஜப்பானிலும் கற்பூர மரங்களை வெட்டிச் சீவி, நீராவியில் வடித்து எடுத்தார்கள். 1895இல் தைவான் ஜப்பான் கைக்குப் போனது, 1899இல் ஜப்பான் அங்கே கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. நம்மூர் ஆரத்தித் தட்டுக்கு அவ்வளவு மரம் தேவையில்லை, செல்லுலாய்டுக்குத்தான் தேவை.

ஹயாட்டின் செல்லுலாய்டு ஆலை 1870களின் தொடக்கத்திலேயே நியூ ஜெர்சியின் நெவார்க்குக்கு இடம் மாறியிருந்தது. அதே நெவார்க்கில் 1892இல் பெஞ்சமின் வைட்ஹெட், செஸ்டர் ஹோக் என்ற இருவர் சேர்ந்து வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாஸ்டனைச் சேர்ந்த அமாண்டா லவ்ஜி என்ற பெண்மணி துணிப் பொத்தானைச் செல்லுலாய்டால் மூடும் முறைக்கு வாங்கிய காப்புரிமையை இவர்கள் வாங்கிக்கொண்டு, பின்னால் ஊசி வைக்கும் அமைப்புக்கு 1896இல் தனியாகவும் காப்புரிமை பெற்றார்கள். வாசகர் தன் பட்டனைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத் தாள் உதிராமல் இருந்தால், அந்தத் தேதிகளை அதிலேயே படிக்க வாய்ப்பு உண்டு.

அமைப்பு எளிமையானது. குவிந்த தகரக் குமிழ் ஒன்று, அதன்மேல் அச்சிட்ட வட்டத் தாள், அதன்மேல் செல்லுலாய்டு வட்டம். மூன்றையும் அச்சு இயந்திரத்தில் அழுத்தி விளிம்பை உள்ளே மடக்கி, பின்னாலிருந்து ஓர் உலோக வளையத்தால் பூட்டிவிடுவார்கள். வளைத்த ஒற்றைக் கம்பி ஒன்று தன் விறைப்பாலேயே வளையத்துக்குள் உட்கார்ந்து ஊசியாகிறது. பசை கிடையாது, பற்றவைப்பு கிடையாது.

இதில் ஒரு வடிவியல் சிக்கல் மட்டும் சொல்ல வேண்டும். தட்டையான தாளைச் சுருக்கமோ கிழிசலோ இல்லாமல் குவிந்த பரப்பில் போர்த்த முடியாது, இதைக் கணித மேதை காஸ் 1827லேயே நிறுவிவிட்டார். ஊறுகாய் ஜாடி வாயில் துணி கட்டியவர்களுக்கு நிறுவல் தேவையில்லை. இன்று பரவலாக விற்கும் 57 மில்லிமீட்டர் பட்டனுக்கு 67 மில்லிமீட்டர் விட்டத்தில் தாள் வெட்டுகிறார்கள். தாளின் சுற்றளவு 210 மில்லிமீட்டர், பட்டனின் சுற்றளவு 179. அதாவது 3 சென்டிமீட்டர் தாள் எங்கேயாவது போயாக வேண்டும். அது முழுவதும் பின்னால் மடிந்த விளிம்பில் பொடிப் பொடிச் சுருக்கங்களாக ஒளிந்துகொள்கிறது, வேட்பாளரின் முகம் வழவழப்பாக இருக்கிறது. இழுபடக்கூடிய ஒரு தகடு மேலே நின்று தாளைச் சீராக அழுத்திப் பிடிக்காவிட்டால் இது நடக்காது, கற்பூரம் சேர்ந்த செல்லுலாய்டு அதைச் செய்தது.

1896 தேர்தலில் சண்டை, டாலருக்கு அடிப்படை தங்கமா வெள்ளியா என்பது. மெக்கின்லி தங்கத்தின் பக்கம், அவரை எதிர்த்து நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்ற விகிதத்தில் வெள்ளி நாணயத்தைக் கட்டற்று அச்சிட வேண்டும் என்ற பக்கம். பிரையன் பட்டன்களில் கடிகார முகம் ஒன்று, மணி ஒன்றாக 16 நிமிடம் இருக்கிறது என்று காட்டும். சிக்கலான நாணயக் கொள்கையை ஒரு நாணயத்தின் அளவில் சொல்லிவிட்டார்கள். சிகரெட், சூயிங்கம் கம்பெனிகளும் பெட்டிகளோடு பட்டன்களை இலவசமாகக் கொடுத்தன.

அதற்கப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து தகரத் தகட்டிலேயே நேரடியாக அச்சடித்துக் குத்தியெடுக்கும் லித்தோ பட்டன்கள் வந்தன, தாளும் இல்லை, செல்லுலாய்டும் இல்லை, விலை இன்னும் குறைவு. 1952இல் “ஐக்” என்ற செல்லப்பெயர் கொண்ட அதிபர் வேட்பாளர் ஐசனோவருக்காகச் செய்த பட்டனை அசைத்தால் “ஐ லைக் ஐக்” என்ற எழுத்து மறைந்து அவர் முகம் தோன்றும், நுண்ணிய வரிவரியான லென்சுகளின் வேலை. 1964இல் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் ஆதரவாளர்கள் தங்கத்தின் குறியீட்டையும் தண்ணீரின் வாய்ப்பாட்டையும் சேர்த்து “ஏயு-ஹெச்2ஓ” என்று போட்டுக்கொண்டார்கள், பத்தாம் வகுப்பு வேதியியல் போதும் படிக்க.

வேட்பாளர் இல்லாத பட்டன்களைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட பட்டன்கள், 1963 ஆகஸ்ட் 28இல் வாஷிங்டன் பேரணிக்கு வந்தவர்கள் அணிந்த, கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் கோத்த பட்டன். 1958இல் பிரிட்டனில் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கம் இன்று சமாதானச் சின்னம் என்று உலகமே அறிந்த குறியோடு பேட்ஜ் செய்தபோது, முதல் தொகுதியைச் சுட்ட களிமண்ணில் செய்தார்கள். அணுப்போர் வந்தால் அந்தத் தீயில் மிஞ்சும் சில மனிதப் பொருள்களில் இதுவும் ஒன்றாக இருக்கும் என்று ஒரு குறிப்பும் சேர்த்தே கொடுத்தார்கள். ஒரு தீக்குச்சிக்குத் தாங்காத செல்லுலாய்டுக்கு நேர் எதிர். பொருளே செய்தியாக இருந்த பேட்ஜ் அது, நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, வாசனைக்கு வருவோம். கற்பூரம் செல்லுலாய்டில் தங்கும் என்றேன், ஆனால் என்றென்றைக்கும் தங்காது. உருண்டை மூலக்கூறுகள் படிகத்திலிருந்து எளிதாகக் கழன்றுவிடும், அதனால்தான் சூடம் உருகாமலே ஆவியாகிறது, பதங்கமாதல் என்று படித்தோமே, அது. வீட்டில் சூட டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பார்கள், கரையாமல் இருக்க. மிளகுக்கு அந்தச் சக்தி கிடையாது, மூடி இறுக்கமாக இருந்தால் போதும். மிளகாவது யாருக்கும் தீங்கு செய்யாத நம்பிக்கை. 2021இல் கற்பூரத்தை ஓமம், கிராம்போடு முடிந்து முகர்ந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸப்பில் சுற்றியதே, அது அப்படியில்லை. 1918 ஃப்ளூ காலத்தில் அமெரிக்கர்களும் இதேபோல் கழுத்தில் கற்பூரப் பை கட்டிக்கொண்டார்கள், பயன் இருந்ததில்லை. குழந்தைகள் விழுங்கினால் கற்பூரம் வலிப்பையே வரவழைக்கும்.

பட்டனிலிருந்து கற்பூரம் கழன்று போகப் போகத் தகடு சுருங்கும், விரிசல் விடும். இன்னொரு பக்கம் நைட்ரேட் குழுக்கள் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும், அவை ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும், அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகமாக்கும். பழைய சினிமாச் சுருள்களும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். தென்னிந்திய மௌனப் படங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருப்பதற்கு இந்த வேதியியலும் ஒரு காரணம், 2003இல் புனேயில் பழைய நைட்ரேட் சுருள்கள் தீக்கிரையானதையும் மறக்க முடியாது. பழம்பொருள்களைக் காக்கும் வேதியியலுக்கு நம் ஊரில் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் என்று பேசுபவர்களோடு நான் சண்டையே போடுவேன். புதிய ஆய்வுக்கூடம் திறப்பதற்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், குளிரூட்டிய ஓர் அறையும் பயிற்சி பெற்ற இரண்டு பேரும் கிடைப்பார்கள்.

வாசகருக்கு இனி நேராக. சூட டப்பா மாதிரி இறுக்க மூடி வைத்தால் கற்பூரம் தங்கும், ஆனால் அமில ஆவியும் உள்ளேயே அடைபடும், அது மோசம். அதனால் காப்பாளர்கள் காற்றோட்டமான, குளிர்ந்த, வெயில் படாத இடத்தையே சொல்கிறார்கள். அட்டைப் பெட்டி நல்லது, பிளாஸ்டிக் உறை வேண்டாம், மற்ற உலோகப் பொருள்களோடு நெருக்கி வைக்க வேண்டாம், செல்லுலாய்டுதானா என்று பார்க்க நெருப்பைக் காட்டவே வேண்டாம். வாசனையே போதுமான சான்று. அப்புறம், மறுபடி தேய்க்காதீர்கள். 1896இல் அடைபட்ட கற்பூரத்தில் மிச்சம் இருப்பதுதான் உங்கள் மூக்குக்கு வருகிறது, ஒவ்வொரு தேய்ப்புக்கும் அதில் கொஞ்சம் குறையும்.