ஊசி போட்ட பிறகு வந்த கரப்பான்

கடலூர் முதுநகரிலிருந்து நான்கு மாதக் குழந்தையைத் தூக்கி வந்த பாட்டி ஒருவர், "மூணாவது ஊசி போட்ட நாலாம் நாள்லேர்ந்துதான் டாக்டர் இந்தக் கரப்பான்" என்று சொல்லி, சிவந்து பொரிந்திருந்த கன்னத்தைக் காட்டினார். அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா என்பதே அவருடைய கேள்வி. குழந்தை மருத்துவராக நான் வாரந்தோறும் கேட்கும் கேள்விதான் இது.

பாட்டி நாள்கணக்கில் தவறவில்லை. தடுப்பூசிகள் பிறந்த 6, 10, 14 ஆம் வாரங்களில் போடப்படுகின்றன. ஒவ்வாமையோடு தொடர்புள்ள தோல் அழற்சியான கரப்பான் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இரண்டாம் மாதத்திற்கும் ஆறாம் மாதத்திற்கும் இடையில்தான். ஊசிகளுக்கிடையே நான்கு வாரமே இடைவெளி இருப்பதால், அந்த வாரங்களில் கரப்பான் எந்த நாளில் தொடங்கினாலும் சற்று முன்னர் போட்ட ஊசி ஒன்று நினைவில் நிற்கும். ஊசி போடாத குழந்தைகளுக்கும் அதே வயதில் கரப்பான் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

அப்படி ஒப்பிட ஸ்வீடனில் ஒரு வாய்ப்பு அமைந்தது. அங்கு 1979இல் கக்குவான் இருமல் தடுப்பூசி நிறுத்தப்பட்டிருந்ததால், பின்னாளில் புதிய ஊசிகளைச் சோதித்தபோது சில குழந்தைகளுக்கு அதைப் போட்டும் சிலருக்குப் போடாமலும் குலுக்கல் முறையில் பிரிக்க முடிந்தது. 669 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1998இல் வெளியான முடிவில், கரப்பான் உள்ளிட்ட ஒவ்வாமை நோய்கள் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே இருந்தன. ஊசியில் சேர்க்கப்படும் அலுமினிய உப்பைப் பற்றிய ஐயத்தை டென்மார்க் ஆய்வாளர்கள் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்து 2025இல் வெளியிட்டனர். கூடுதல் அலுமினியம் பெற்றவர்களிடம் ஆஸ்துமாவோ கரப்பானோ உணவு ஒவ்வாமையோ மிகுந்திருக்கவில்லை.

ஊசியால் ஒவ்வாமை வருமோ என்ற ஐயத்துக்கு ஒரு வேர் உண்டு. மூத்த பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் வளரும் குழந்தைக்குத் தும்மல் ஒவ்வாமை குறைவு என்று 1989இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராகன் கண்டறிந்ததிலிருந்து, தொற்று குறைந்தால் ஒவ்வாமை கூடும் என்ற கருத்து பரவியது. ஊசி தொற்றைத் தடுப்பதால் ஒவ்வாமையைக் கூட்டுமோ என்று சிலர் அதை நீட்டித்துக்கொண்டனர். ஆனால் மாட்டுக்கொட்டகையிலும் மண்ணிலும் குடலிலும் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களோடு உள்ள பழக்கம் வேறு, தட்டம்மையோ கக்குவானோ வந்து தாக்குவது வேறு. முன்னதை எந்த ஊசியும் தடுப்பதில்லை.

தடுப்பூசியால் ஒவ்வாமையே வராது என்று நான் சொல்லமாட்டேன். ஜப்பானில் 1990களில் முத்தடுப்பு ஊசியில் கலந்திருந்த ஜெலட்டின் சில குழந்தைகளின் உடலை ஒவ்வாமைக்குத் தயார்ப்படுத்திவிட, பின்னர் ஜெலட்டின் உள்ள அம்மை ஊசி போட்டபோது அவர்களுக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. அதைக் கண்டறிந்து ஜெலட்டினை நீக்கினார்கள். உடனடிக் கடும் ஒவ்வாமை இன்றும் ஏறத்தாழ பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில் நேர்கிறது. பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு, குழந்தை துவண்டுபோதல் என்று தொடங்கும். தொடையில் உடனே போடும் அட்ரினலின் உயிர் காக்கும். அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்வது இதற்காகத்தான். பஸ்ஸைப் பிடிக்க ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

முன்பு ஒரு தவணைக்கு இப்படிக் கடும் எதிர்வினை நேர்ந்திருந்தால் அதைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊசியை மறுபடி போடுவதற்கு முன் மருத்துவர் பார்த்தாக வேண்டும். கரப்பான், வீசிங், முட்டை ஆகாமை ஆகியவை வழக்கமான ஊசிகளுக்குத் தடையல்ல. கோழிக்கரு உயிரணுக்களில் வளர்க்கப்படும் தட்டம்மை ஊசியில்கூட முட்டைப் புரதம் மிக மிகச் சொற்பம். பண்ருட்டிப் பக்கத்துப் பெற்றோர் முந்திரி ஒவ்வாமையைச் சொல்லித் தயங்குவதுண்டு. எந்த ஊசியிலும் முந்திரி கிடையாது. கரப்பான் ஆறட்டும் என்று காத்திருந்தால், கக்குவான் இருமல் உயிரைப் பறிக்கக்கூடிய முதல் ஆறு மாதங்கள் பாதுகாப்பின்றிக் கழிந்துவிடும்.

ஒன்பதாம் மாத ஊசிக்கு அதே பாட்டி வந்தார். கன்னம் தெளிந்திருந்தது, முழங்கை மடிப்பில் மட்டும் கொஞ்சம் கரப்பான் இருந்தது. செவிலியர் தோல் நன்றாக இருந்த மேல்கையில் ஊசியைப் போட்டார். பாட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரைமணி நேரமும் உட்கார்ந்திருந்தார்.