தடித்த தகடு போட்டால் போதுமா?

விமானங்களில் செய்யும் மாற்றங்களுக்கு ஒப்புதல் கேட்டு வரும் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோப்பு வந்தது. விமானத்தின் முதுகில் ஆன்டெனா பொருத்த வேண்டும்: கம்பி நுழைய ஒரு துளை, அதைச் சுற்றி வெளிப்புறம் ஓர் ஒட்டுத் தகடு, மூன்று வரிசை ரிவெட் (தகடுகளைத் துளையிட்டு இணைக்கும் ஆணி). வலிமைக் கணக்கில் பிழையில்லை. தகடோ உடற்தகட்டைப்போல் இரு மடங்கு தடிமன். கோப்பைத் திருப்பி அனுப்பினேன்.

"இவ்வளவு வலுவாக இருக்கிறதே சார், இன்னும் என்ன வேண்டும்?" என்று வடிவமைத்த பொறியாளர் கேட்டார். வலுதான் அங்கே சிக்கல்.

விமானம் ஏறும்போது கேபின் காற்றழுத்தத்தால் உடல் நுண்ணளவு விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஒரே முறை பெரும் சுமையைத் தாங்கும் உலோகம், அதைவிடச் சிறிய சுமையைப் பல்லாயிரம் முறை ஏற்று இறக்கும்போது விரிசல் விடும். இதுவே உலோகச் சோர்வு. தடித்த தகடு எளிதில் நீண்டு கொடுக்காது. சுற்றியுள்ள சுமையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தச் சுமை நுழையும் வாசல், வெளி வரிசை ரிவெட் துளைகள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும், அதுவும் தகட்டுக்கு அடியில், வெளியே நின்று பார்ப்பவர் கண்ணில் படாமல்.

சைனா ஏர்லைன்ஸ் 611 விமான விபத்தை நான் மறப்பதே இல்லை. அந்த போயிங் 747, 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் தரையிறங்கியபோது வால்பகுதியை ஓடுபாதையில் உரசியது. கீறல்களை முழுமையாக நீக்காமல் அவற்றின் மேலேயே தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். மறைந்திருந்த கீறல்களிலிருந்து விரிசல் வளர்ந்தது. 22 ஆண்டுகள் பறந்த பிறகு, 2002 மே 25 அன்று விமானம் நடுவானில் உடைந்தது. 225 பேரும் இறந்தார்கள்.

அதனால்தான் ஒப்புதல் கேட்பவரிடம், விரிசல் எங்கே தொடங்கும், எத்தனை பறப்புகளில் ஆபத்தான நீளத்தை எட்டும், அதற்குள் யார், எதைக் கொண்டு அதைக் கண்டுபிடிப்பார்கள் என்று பிடிவாதமாகக் கேட்கிறேன். விமானம் கைமாறினாலும் அந்தச் சோதனைக் குறிப்பு அதன் பராமரிப்பு ஆவணங்களோடு போக வேண்டும். நடைமுறையில் அது தொலைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்.

அந்தக் கோப்பு இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. தகடு மெலிந்திருந்தது, விளிம்பை நோக்கி அதன் தடிமன் படிப்படியாகக் குறைந்தது. கடைசிப் பக்கத்தில், உட்புறக் காப்புப் பஞ்சை விலக்கி வெளி வரிசை ரிவெட் ஒவ்வொன்றையும் சுழல் மின்னோட்டக் கருவியால் (உலோகத்தில் மறைந்திருக்கும் விரிசலைக் காட்டுவது) சோதிக்க வேண்டிய பறப்பு எண்ணிக்கை எழுதப்பட்டிருந்தது. கணக்கை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.