வைட்பேண்ட்: அலை இல்லாத பட்டை

'வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார்' என்பதை 'அகன்ற அலைவரிசை ஆக்சிஜன் சென்சார்' என்று யாராவது தமிழாக்கினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வைட் என்றால் அகலம். பேண்ட் என்றால் ரேடியோக் காலத்திலிருந்தே நமக்கு அலைவரிசைதான். ஆனால் காரின் எக்ஸாஸ்ட் குழாயில் மரை திருகி உட்காரும் இந்தச் சாமானுக்கும் எந்த அலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது எதையும் ஒலிபரப்பவில்லை. புகையை மோந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

குழப்பம் 'பேண்ட்' என்ற சொல்லில் இருக்கிறது. அதன் அடிப்படைப் பொருள் பட்டை, நாடா. ஆங்கிலத்தில் கட்டுவதைக் குறிக்கும் 'பைண்ட்' என்ற சொல்லின் உறவுக்காரன். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை உள்ள துண்டு என்ற பொருளில் ரேடியோக்காரர்கள் அதை அதிர்வெண்ணுக்கு எடுத்துக்கொண்டார்கள். சென்சார்காரர்களோ, அளக்க முடிகிற எல்லைக்கு அதே சொல்லை வைத்தார்கள். எதிலிருந்து எதுவரை அளக்கலாம் என்பதுதான் இங்கே பேண்ட். அதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டாம். பள்ளிக் கணக்கில் புள்ளியியல் பாடத்தில் வருமே, பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழித்தால் கிடைப்பது, அந்த 'வீச்சு' போதும். 'அகல்' என்பதும் பழைய சொல்தான். அகல்விசும்பு என்றால் விரிந்த வானம். ஆக, வைட்பேண்ட் என்பது அகல்வீச்சு. அதற்கு முந்தைய வகையான நேரோபேண்ட் குறுவீச்சு.

இந்த நேரோபேண்ட் என்ற பெயருக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. அது பிறந்தபோது யாரும் அதைக் குறுகியது என்று சொல்லவில்லை. செல்போன் வரும்வரை வீட்டிலிருந்த போன் வெறும் போனாகத்தானே இருந்தது? அதுபோல, அகலமானது ஒன்று சந்தைக்கு வந்த பிறகே பழையதற்கு 'நேரோ' என்ற அடைமொழி ஒட்டியது.

பழையது என்றால் எவ்வளவு பழையது? போஷ் நிறுவனத்தின் சென்சாரை 1976ல் வால்வோ தன் கார்களில் முதன்முதலாகப் பொருத்தியது. நோக்கம் புகையைச் சுத்தப்படுத்துவது. புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் மூவழி கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, காற்றும் பெட்ரோலும் சரிவிகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். எடைக்கு எடை பார்த்தால் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். அந்த ஒரு புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்தால் கன்வர்ட்டருக்குப் போதும். குறுவீச்சு சென்சார் அதைத்தான் சொல்லும். பெட்ரோல் கூடினால் சுமார் 0.8 அல்லது 0.9 வோல்ட், காற்று கூடினால் 0.1 வோல்ட்டுக்குப் பக்கத்தில். இடையில் 0.45 வோல்ட்டைச் சுற்றிச் செங்குத்தான சரிவு. நிலைப்படிக்கு உள்ளே நிற்கிறாயா, வெளியே நிற்கிறாயா என்று சொல்லிவிடும். எத்தனை அடி தள்ளி நிற்கிறாய் என்று கேட்டால் பதில் வராது.

ட்யூனிங், அதாவது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவைத் திருத்தும் வேலை, செய்கிறவனுக்கு அந்த எத்தனை அடிதான் வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது சரிவிகிதத்தில் ஓட்ட முடியாது. பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அகல்வீச்சு வருவதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், பழுப்பாக இருந்தால் பரவாயில்லை. கண்ணும் அனுபவமும் இருந்தால் வேலைக்கு ஆகும். ஆனால் எந்த ஆர்பிஎம்மில் பெட்ரோல் குறைந்தது என்று பிளக் சொல்லாது.

அகல்வீச்சு சென்சார் அளக்கும் விதம் தராசுக்காரரின் வேலை மாதிரி. அதனுள்ளே ஒரு சிறு அறை. நுண்ணிய இடைவெளி வழியாகப் புகை அதற்குள் கசிந்து வரும். அறையின் ஒரு பக்கம் பழைய சென்சார் போன்ற சிர்க்கோனியா பீங்கான், உள்ளே கலவை எப்படி இருக்கிறது என்று பார்க்க. இன்னொரு பக்கமும் அதே பீங்கான்தான், ஆனால் இது பம்ப். மின்னோட்டம் கொடுத்தால் ஆக்சிஜனை வெளியே தள்ளும். மின்னோட்டத்தைத் திருப்பினால் உள்ளே இழுக்கும். அறைக்குள் எப்போதும் 450 மில்லிவோல்ட் இருக்கும்படி, அதாவது சரிவிகிதம் நிலவும்படி, கன்ட்ரோலர் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. தட்டைச் சமன் செய்ய எத்தனை எடைக்கல் வைக்க வேண்டியிருந்தது என்று எண்ணினால் பொருளின் எடை தெரியும் அல்லவா? இங்கே எடைக்கல் அந்த மின்னோட்டம். சில மில்லியாம்பியர்தான். காற்று மிகுந்தால் நேர்க்குறி, பெட்ரோல் மிகுந்தால் எதிர்க்குறி, சரிவிகிதத்தில் சுழி.

பீங்கான் வழியே ஆக்சிஜன் அயனிகள் போக அது சூடாக இருக்க வேண்டும். ஆகவே உள்ளே ஒரு ஹீட்டர். போஷின் எல்எஸ்யு 4.9 என்ற அகல்வீச்சு சென்சார் சுமார் 780 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும். இந்த வகைப் பீங்கானை முதலில் கையாண்டவர் வால்தர் நெர்ன்ஸ்ட், 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பெற்றவர். அவர் அதை வைத்துச் செய்தது ஒரு விளக்கு! குளிர்ந்த நிலையில் அது மின்சாரம் கடத்தாது. முதலில் சூடேற்றினால்தான் எரியும். அந்த விளக்கின் பிடிவாதம் இன்று எக்ஸாஸ்ட் குழாய்க்குக் குடிவந்துவிட்டது.

சரி, 'ஆக்சிஜன்' என்ற சொல்லுக்கு வருவோம். பெயர் வைத்தவர் லவாய்சியர். கிரேக்கத்தில் 'ஆக்சிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. அமிலங்களுக்கெல்லாம் இதுதான் மூலம் என்று அவர் நம்பினார். அது தவறு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. பிழையான அந்தப் பெயரை உலகம் முழுக்கச் சுமக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் ஒலியை ஒட்டி 'ஒட்சிசன்' என்கின்றன. 'உயிர்வளி' என்ற தமிழ்ச்சொல் அந்தப் பிழையைத் தாண்டி, அது செய்யும் வேலையைச் சொல்கிறது. எனக்கு அது பிடிக்கும்.

ஆனாலும் இந்தக் கருவிக்கு 'உயிர்வளி உணரி' என்று பெயர் வைக்கத் தயங்குகிறேன். உணரியில் சிக்கல் இல்லை. கொல் என்பதிலிருந்து கொல்லி வந்தது போல உணர் என்பதிலிருந்து உணரி. சுருக்கமாக, அழகாக இருக்கிறது. சிக்கல் உயிர்வளியில். பெட்ரோல் மிகுந்த புகையில் மிச்ச ஆக்சிஜன் பெரிதாக இருக்காது. அப்போது சென்சார் அளப்பது ஆக்சிஜனை அல்ல, ஆக்சிஜன் பற்றாக்குறையை. எரியாமல் நிற்கும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவையோ அதை, புகையிலுள்ள நீராவியையும் கரியமில வாயுவையும் பிரித்து, பம்ப் கொண்டுவந்து போடுகிறது. கடனையும் இருப்பையும் ஒரே பேரேட்டில் காட்டும் கருவிக்கு 'இருப்பு' என்று மட்டும் பெயர் வைத்தால் எப்படி? டொயோட்டா இதை 'காற்று-எரிபொருள் சென்சார்' என்ற பொருளிலேயே அழைக்கிறது. அந்த வழியில் போய் 'கலவை உணரி' என்கிறேன் நான். முழுப்பெயர்: அகல்வீச்சுக் கலவை உணரி.

ஜெர்மானியர் இதை 'லாம்ப்டா சோண்டே' என்பார்கள். சோண்டே என்றால் ஆழம் பார்க்க உள்ளே விடும் கருவி. லாம்ப்டா கிரேக்க எழுத்து. அதன் மூலம் ஃபினீசிய எழுத்தான லாமெத். மாடு ஓட்டும் தார்க்குச்சியின் வடிவத்திலிருந்து அது வந்தது என்பார்கள். குதிரைத்திறனை விரட்டுகிற இடத்தில் தார்க்குச்சி வந்து நிற்பது தற்செயல்தான், ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

லாம்ப்டா என்பது உள்ளே போன காற்றைத் தேவையான காற்றால் வகுத்தால் வரும் எண். 1 என்றால் சரிவிகிதம். 0.85 என்றால் தேவையான காற்றில் 85 சதவீதம்தான் வந்திருக்கிறது, பெட்ரோல் மிகுதி. 1.10 என்றால் காற்று பத்து சதவீதம் கூடுதல். இதில் ஒரு பொறி இருக்கிறது. பல கேஜ்களில் லாம்ப்டாவுக்குப் பதில் ஏஎஃப்ஆர், அதாவது காற்று-எரிபொருள் விகிதம், என்று 14.7, 12.5 எனக் காட்டும். சென்சாருக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாது. அது கண்டது லாம்ப்டாவை. கேஜ் அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது. வண்டியில் 85 சதவீத எத்தனால் ஊற்றினாலும் சரிவிகிதத்தில் கேஜ் 14.7 என்றே காட்டும். உண்மையில் அந்த எரிபொருளின் சரிவிகிதம் 9.8ஐ ஒட்டியது. கேஜைப் பார்த்து 'இன்னும் 14.7லேயே நிற்கிறதே' என்று மிரண்டு பெட்ரோல் கணக்கில் திருத்தப் போகிறவர்கள் உண்டு. லாம்ப்டாவிலேயே படிக்கப் பழகிவிட்டால் எந்த எரிபொருளுக்கும் 1 என்றால் 1தான்.

கலவையின் இரண்டு பக்கங்களுக்கும் பட்டறைப் பேச்சில் ரிச், லீன். 'செறிந்த', 'மெலிந்த' என்று எழுதுகிறோம். இந்த இரண்டும் ஜோடி சேரவில்லை. செறிவுக்கு எதிர்ச்சொல் மெலிவு இல்லையே. ஜெர்மனில் கொழுப்பு என்று பொருள்படும் சொல்லையும் ஒல்லி என்று பொருள்படும் சொல்லையும் ஜோடியாக்கியிருக்கிறார்கள். நமக்கும் அது இயல்பாக வருகிறது: கொழுத்த கலவை, மெலிந்த கலவை. கேட்டதும் விளங்கும்.

அடுத்தது டேட்டாலாக், வண்டி ஓடும்போது சென்சார்கள் காட்டும் எண்களைத் தொடர்ந்து பதிந்து வைப்பது. லாக் என்றால் மரக்கட்டை. முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கப்பலின் பின்னால் கடலில் எறிந்து, கயிறு ஓடும் வேகத்தில் எத்தனை முடிச்சு போகிறது என்று எண்ணி, ஏட்டில் குறித்தார்கள். கட்டையின் பெயர் ஏட்டுக்குப் போனது; ஏட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தது. கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு என்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் லாகின் என்பதற்குப் 'புகுபதிகை' என்று இருக்கிறது. அதில் 'பதிகை'யை மட்டும் எடுத்துக்கொண்டால் டேட்டாலாக் 'தரவுப் பதிகை' ஆகிவிடும்.

பதிகையைப் படிப்பது தனிக்கலை. நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 3000லிருந்து 6500 ஆர்பிஎம் வரை ஓட்டிய ஒரு பதிகையைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.86ல் நேர்க்கோடாகப் போன லாம்ப்டா, 5000 தாண்டியதும் மெதுவாக 0.93க்கு ஏறுகிறது. எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் எரிபொருள் அட்டவணையில் உடனே எண்ணைக் கூட்டக் கை துறுதுறுக்கும். பக்கத்து வரிசையையும் பாருங்கள். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 95 சதவீதத்தைத் தொட்டிருந்தால் எண்ணைக் கூட்டிப் பயனில்லை, அதற்குமேல் அது திறக்காது. எரிபொருள் அழுத்தம் சரிந்திருந்தால் பம்பையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் அட்டவணை. அப்போதும், புகை சிலிண்டரிலிருந்து சென்சாருக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரம் ஆகும். பதிகையில் இந்த நொடியில் தெரியும் லாம்ப்டா சற்று முன்னால் எரிந்த கலவையுடையது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, இந்தத் தாமதம் அதிகம், மேல் ஆர்பிஎம்மில் குறைவு. தப்பான கட்டத்தைத் திருத்திவிட்டு வண்டியைத் திட்டுவது இங்கேதான் நடக்கிறது.

நான் சறுக்கியது வேறு இடத்தில். ஐடிலில் லாம்ப்டா 1.15 காட்டியது. மெலிந்திருக்கிறது என்று பெட்ரோலைக் கூட்டினேன். கொஞ்சம் இறங்கியது, இன்னும் கூட்டினேன். கண் எரியும் அளவுக்கு பெட்ரோல் வாடை, கேஜோ இன்னும் 'மெலிவு' என்கிறது. அரை நாள் கழித்துத்தான் எஞ்சினோடு எக்ஸாஸ்ட் சேரும் இடத்திலுள்ள மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் புகை ஒழுகிய கருந்தடம் கண்ணில் பட்டது. குழாயில் அழுத்தம் ஏறி இறங்கும்போது அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. சென்சார் பொய் சொல்லவில்லை. குழாயில் இருந்ததைச் சொன்னது. சிலிண்டர் ஒன்று எரியாமல் தவறினாலும் இதே கதைதான்: எரியாத பெட்ரோலைவிட எரியாத காற்றே அதன் கண்ணுக்குப் பெரிதாகப் படும், கலவை மெலிந்ததாகக் காட்டும்.

இன்னொரு சிறு விவரம். எல்எஸ்யு 4.9ல் சென்சாரிலிருந்து ஐந்து வயர் வரும், ஆனால் அதன் பிளக்கில் ஆறு பின். ஆறாவது, பிளக்குக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு ரெசிஸ்டருக்கு. ஒவ்வொரு சென்சாரும் கொஞ்சம் வித்தியாசமாகப் பிறப்பதால், அதற்கேற்ற மதிப்பைத் தொழிற்சாலையிலேயே செதுக்கி வைக்கிறார்கள். வயர் எட்டவில்லை என்று பிளக்கை வெட்டி எறிந்து நேராக ஒட்டினால் அந்தச் சென்சாரின் ஜாதகத்தையே கிழித்துப் போட்டதாகும். நீட்டிப்பு வயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்யூனிங் என்ற சொல்லை விட்டுவிட்டேன். அது இசையிலிருந்து வந்தது, நமக்குச் சுருதி சேர்ப்பது. பொருள் பொருந்துகிறது, ஆனால் பட்டறையில் 'சுருதி சேர்த்தாச்சா' என்று கேட்டால் சிரிப்பார்கள். அதை ட்யூனிங் என்றே விட்டுவிடலாம். வைட்பேண்டும் பேச்சில் வைட்பேண்டாகவே இருக்கட்டும், கடையில் கேட்டால் அந்தப் பெயருக்குத்தான் எடுத்துத் தருவார்கள். எழுதும்போது, முக்கியமாக யாருக்காவது விளக்கும்போது, அகல்வீச்சுக் கலவை உணரி. சில ட்யூனிங் மென்பொருள்களில் பதிகையின் தலைப்பில் 'ஈஜிஓ திருத்தம்' என்று ஒரு வரிசை இருக்கும், சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைத் தானாகத் திருத்திய அளவு. எக்ஸாஸ்ட் கேஸ் ஆக்சிஜன் என்பதன் சுருக்கம் அது. சேர்த்து வாசித்தால் ஈகோ. நான் அதை என் குறிப்புகளில் 'கலவைத் திருத்தம்' என்று எழுதிக்கொள்கிறேன். கேஸ்கெட் ஒழுகிய அந்த ஒரு நாளின் பதிகையில் மட்டும் ஈகோ என்றே விட்டு வைத்திருக்கிறேன்.