சிற்றினத் தொடர்பு: ‘சங்கம்’ ஏன் பொருந்தாது?

பகாவ் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் ஓலை மூடிய பழைய செம்பனைக் காட்டில் பெரணி மண்டியிருக்கும், லாலாங் புல் தலைகாட்டாது. வெயில் விழும் புதுநடவில் நிலைமை நேர்மாறு. இப்படி இரு செடிகள் தற்செயலுக்கு மிஞ்சிச் சேர்ந்தோ விலகியோ காணப்படுவதைத்தான் தாவரவியலார் ‘அசோசியேஷன்’ என்கிறார்கள்.

தோழன் எனப் பொருள்படும் ‘சோசியஸ்’ என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். 1910-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாடு, குறிப்பிட்ட தாவரங்களும் ஒரே மாதிரியான தோற்றமும் வாழிடமும் கொண்ட ஒரு தொகுதிக்கு அப்பெயரைச் சூட்டியது. அப்பொருளுக்குத் ‘தாவரக் குழுமம்’ போதும். இரு சிற்றினங்களுக்கு, அதாவது இரு செடி வகைகளுக்கு, இடையிலான உறவுக்குத்தான் தமிழில் தனிச்சொல் தேவை.

‘அசோசியேஷன்’ என்பதற்கு முதலில் தோன்றும் ‘சங்கம்’ என்றால் தோட்டத்தில் தொழிற்சங்கம்தான் நினைவுக்கு வரும். செடிகள் விரும்பிக் கூடியதாகவும் தொனிக்கும். ‘இணக்கம்’, ‘கூட்டுறவு’ ஆகியவை விலகலைச் சுமக்கா. ‘இனத் தொடர்பு’ என்று எழுதினால் மலேசிய வாசகர் மலாய், சீன, இந்திய இன உறவு என்றே படிப்பார். எனவே ‘சிற்றினத் தொடர்பு’. அதில் நேர்த்தொடர்பு, எதிர்த்தொடர்பு என இரு வகை.

கணக்கிடுவது எளிது. நிலத்தில் ஒரே அளவுள்ள 100 கட்டங்கள் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ 40 கட்டங்களில், ‘ஆ’ 50 கட்டங்களில் இருந்தால், தற்செயலாக இரண்டும் சேர வேண்டியவை 40 × 50 ÷ 100 = 20. உண்மையில் 30-இல் சேர்ந்திருந்தால், எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் கை-வர்க்க (chi-square) மதிப்பு 16.67. தற்செயலாகத் தாண்ட 5 விழுக்காட்டு வாய்ப்பே உள்ள எல்லையான 3.84-ஐ அது தாண்டுவதால் நேர்த்தொடர்பு உறுதி.

பிழை பெரும்பாலும் கட்டத்தின் அளவில் நேர்கிறது. கட்டம் மிகப் பெரிதானால் எல்லாமே எல்லாவற்றோடும் சேர்ந்துவிடும். ஒரு மரத்துக்கு மேல் இடமில்லாத அளவு சிறிதானால், பகையே இல்லாத மரங்களும் எதிர்த்தொடர்பு காட்டும். புதுநடவையும் பழைய காட்டையும் ஒரே அட்டவணையில் கலப்பது இன்னொரு பிழை. லாலாங்கும் பெரணியும் அப்போது கடும் எதிரிகளாகத் தெரியும். லாலாங் நிழல் தாங்காது என்பதே அதற்குப் போதுமான காரணம். தொடர்பை வைத்து மட்டும் போட்டி என்றோ உதவி என்றோ முடிவு கட்டக்கூடாது. 50 சிற்றினங்களை எடுத்தால் 1,225 இணைகள். எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் 60 இணைகள் அளவில் எல்லையைத் தாண்டிக் காட்டும்.

சீனத்தின் செஜியாங் மாநிலத்தில், குத்தியன்ஷான் மிதவெப்பமண்டலக் காட்டின் 24 ஹெக்டர் ஆய்வுத் திடலில் காஸ்டனோப்சிஸ் ஐரி, ஷீமா சூப்பர்பா என்ற இரு மரங்களும் மிகுந்திருப்பதால் இக்கணக்கு அவற்றுக்கு நன்றாக ஓடும். காஸ்டனோப்சிஸ் நமக்கும் அந்நியமல்ல. மலாயில் பெராங்கான் என்பது அப்பேரினமே. நெகிரி செம்பிலானின் பாசோ மழைக்காட்டிலோ 50 ஹெக்டரில் 800-க்கும் மேற்பட்ட மரச் சிற்றினங்கள். பல மிக அரியவை. அவற்றுக்குத் தற்செயலாகச் சேர வேண்டிய எதிர்பார்ப்பு எண் 5-க்கும் கீழே இறங்கிவிடும். அங்கே கை-வர்க்கத்தை நம்பக்கூடாது.