இறக்கத்தில் செயினும் ஒரு பிரேக்தான்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, லொறியில் ஏற்றி என் கராஜுக்கு ஒரு பைக்கைக் கொண்டுவந்தார்கள். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கும் ஒரு தம்பியின் பைக். முன் ஸ்ப்ரொக்கட்டின், அதாவது செயினை ஓட்டும் பல்சக்கரத்தின், கவரைக் கழற்றினேன். உள்ளே செயின் சுருண்டு, அப்பிய சேற்றோடு இறுகிக் கிடந்தது. பக்கத்தில் எஞ்சின் கேஸ் வெடித்து ஒயில் வடிந்துகொண்டிருந்தது.

"மூணாவது கியர்ல எறங்கிக்கிட்டு இருந்தேன் அண்ணே. டக்குனு ஒரு சத்தம். பின் வீல் அப்படியே நின்னுருச்சு" என்றார். முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. பின்னால் இருந்த தங்கச்சி தேயிலைச் செடிகளுக்குள் விழுந்ததால் பெரிய காயமில்லை. அந்த வளைவின் மறுபக்கம் பள்ளம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

செயினை வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தேன். இருக்க வேண்டியதில் இரண்டு லிங்க் இல்லை. செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்த பிறகு, யாரோ லிங்கை வெட்டி மறுபடி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மலைநாட்டில் இது பழகிப்போன வேலை. செய்பவருக்கும் செய்யச் சொல்பவருக்கும் காசு மிச்சம் என்று படுகிறது. தேய்ந்த செயின் வெட்டியதால் புதிதாகிவிடுவதில்லை.

செயின் 'இழுபட்டுப் போச்சு' என்கிறோம். தட்டுகள் இழுபடுவதில்லை. ஒவ்வொரு லிங்கிலும் உள்ள ஆணியும், அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் தேய்கின்றன. நம் ஊரில் ஓடும் 100, 125, 150 சீசீ பைக்குகளில் பெரும்பாலும் 428 செயின்தான். அதில் ஒரு லிங்கின் நீளம் 12.7 மில்லிமீட்டர். ஒவ்வோர் ஆணியிலும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே 116 லிங்க் உள்ள செயின் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். ஸ்ப்ரொக்கட்டின் பல் இடைவெளியோ பழையபடியேதான். அளவு பொருந்தாத செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி நின்று அரைக்கிறது. பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கியாகிறது.

மலை ரோட்டில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் வீலை இழுக்கும்போது மேல்பக்கச் செயின் இறுகும். கினிகத்தேனை இறக்கத்திலோ றம்பொடை வளைவுகளிலோ கியரில் விட்டு இறங்கும்போது கீழ்ப்பக்கம் இறுகும். அப்போது வீல்தான் எஞ்சினை இழுக்கிறது. தளர்வெல்லாம் மேல்பக்கம் சேர்ந்து, முன் ஸ்ப்ரொக்கட்டை நோக்கிப் போய்க் குவிகிறது. அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். செயின் அறுந்து கீழே விழுந்துவிட்டால் வீல் பூட்டாது. ஆனால் கியரில் இறங்கும்போது வீலைப் பிடித்து வைக்கும் எஞ்சின் பிரேக் ஒரு நொடியில் இல்லாமல் போகும். நீண்ட இறக்கத்தில் ஏற்கெனவே சூடேறிய பின் டிரம் பிரேக் மட்டும் எவ்வளவு தாங்கும்?

வீட்டிலேயே பார்க்கலாம். பின் ஸ்ப்ரொக்கட்டின் கடைசிப் பக்கத்தில், நம்பர் பிளேட்டைப் பார்த்த இடத்தில், செயினை விரலால் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவு விலகினால் செட், அதாவது செயினும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டும், முடிந்தது. சந்தேகமிருந்தால் டேப்பை எடுங்கள். செயினை இறுக்கி வைத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து அதற்குப் பிறகு வரும் இருபதாவது ஆணியின் நடுவரை அளக்க வேண்டும். புதிய 428 செயினில் 254 மில்லிமீட்டர் இருக்கும். 259ஐத் தொட்டால் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது செயினும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டும் சேர்ந்துதான் மாற வேண்டும். "செயின மட்டும் போடுங்க அண்ணே, மத்தத அடுத்த மாசம் பாப்போம்" என்று கேட்காத வாரமில்லை. வீட்டுக் கஷ்டம் தெரிந்து நானும் முன்பு போட்டுக் கொடுத்திருக்கிறேன். கொக்கியான பல் புதுச் செயினைச் சில மாதத்தில் தின்றுவிட்டது. அவர்கள் இரண்டு முறை செலவழித்தார்கள். இப்போது மறுத்துவிடுகிறேன், முழு செட்டுக்குக் காசு சேரும்வரை பைக்கை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன். முன் ஸ்ப்ரொக்கட்டில் 14 பல், பின்னால் 42 என்றால், வீல் ஒரு சுற்று வர முன்னது மூன்று சுற்று வருகிறது. கவருக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் பார்க்காத அதுதான் முதலில் தேய்கிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த வருடங்களில் பழைய பைக்கைத்தான் தட்டிக்கொட்டி ஓட்டினோம். அதனால் இன்னும் எத்தனையோ பைக்கில் பாதி மட்டும் மாற்றிய அரைச் செட் ஓடுகிறது.

ஏற்றத்துக்காக முன்னால் ஒரு பல் குறைத்துப் போடச் சொல்பவர்களும் உண்டு. இழுவை கூடும், உண்மைதான். ஆனால் சின்ன ஸ்ப்ரொக்கட்டில் செயின் அதிகம் மடிந்து ஓடுகிறது, தேய்மானமும் கூடும். கொழுந்து மூட்டை, மரக்கறி மூட்டை ஏற்றாதவருக்கு அது தேவையில்லை.

செயினை விறைப்பாக வைப்பதும் ஆபத்துதான். ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் மேலும் இறுகும். எஞ்சின் பக்கத்து பெயரிங்கும் சீலும் போகும். பல சின்ன பைக்குகளுக்கு செயினில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும். உங்கள் பைக்கின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். வீலைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் பாருங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன் பக்கம் மழை விடாது. ஒயில் கழுவுண்டு போகும், தோட்டத்து ரோட்டு மணல் ஒட்டும். மண்ணெண்ணெயில் துடைத்து, காயவிட்டு, 90 கியர் ஒயிலைச் செயினின் உட்பக்கமாக விடுங்கள். பெற்றோல் வேண்டாம், லிங்குகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயின் என்றால் அந்த ரப்பர் கெட்டுவிடும். கழற்றிய பழைய எஞ்சின் ஒயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூளும் அழுக்கும் இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயின் துடைக்கவே கூடாது. அப்படித் துடைத்து விரல் நுனியை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். எஞ்சினை நிறுத்தி, வீலைக் கையால் சுற்றுங்கள்.

செட் மாற்றக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பழைய மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பின் வீலுக்குள் ஸ்ப்ரொக்கட்டைத் தாங்கும் ரப்பர்கள் நசுங்கியிருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் லிங்கைப் பூட்டுகிற லொக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மேல்பக்கச் செயினில் பார்த்தால் அது ஹெட்லைட் பக்கம் நோக்கும். திருப்பிப் போட்டால் கல்லோ புல்லோ பட்டுக் கழன்று போகும்.

புதுச் செட் முதல் 500 கிலோமீட்டருக்குள் கொஞ்சம் தளரும். அதை இழுத்துவிட நான் கூலி வாங்குவதில்லை. டவுனுக்கு வரும் நாளில் பைக்கைக் கொண்டுவாருங்கள், பத்து நிமிட வேலை.