ஒரே குழாயில் பல மின்சுற்றுகள்: இடமும் வெப்பமும்

மாடி வீடுகளில் கீழ்த்தளத்து மெயின் போர்டிலிருந்து மாடியில் மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரிக்கும் டிபி பெட்டிக்குச் சுவருக்குள் ஒரே ஒரு பிவிசி குழாய் செல்வது வழக்கம். பிறகு ஏசிக்கு ஒரு சுற்று, வாட்டர் ஹீட்டருக்கு ஒரு சுற்று என்று தேவை கூடும்போது, பூசிய சுவரை மீண்டும் வெட்ட எவருக்கும் மனம் வராததால், இருக்கும் குழாயிலேயே புதிய ஒயர்களையும் இழுத்துவிடலாமா என்ற கேள்வி எழுகிறது. இழுக்கலாம், ஆனால் ஒயர் குழாய்க்குள் நுழைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து அதை முடிவுசெய்யக் கூடாது.

25 மி.மீ. குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. இருக்கும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர்கள் ஒன்பதை, அதாவது பேஸ், நியூட்ரல், எர்த் என மும்மூன்றாக மூன்று சுற்றுகளை, அதில் இழுத்தால் உள்பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. அமெரிக்க மின்விதித் தொகுப்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஒயர்களுக்கு 40 சதவீதம் வரை அனுமதிப்பதால், இடத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வெப்பத்தில்தான் தொடங்குகிறது.

2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0074 ஓம். அதில் 16 ஆம்பியர் பாயும்போது, போகும் ஒயரும் திரும்பும் ஒயருமாகச் சேர்ந்து ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 3.8 வாட் வெப்பத்தை உண்டாக்குகின்றன. மூன்று சுற்றுகளும் ஒரே நேரத்தில் இயங்கினால் இது 11 வாட்டைத் தாண்டும். எட்டு மீட்டர் நீளக் குழாயில் மொத்தம் 90 வாட், அதாவது சுவருக்குள் நீளவாக்கில் புதைத்து வைத்த ஒரு குண்டு பல்புக்கு ஏறக்குறைய சமம். தனியே செல்லும் ஒயர் தன் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றுக்கும் குழாய்ச் சுவருக்கும் கொடுத்துவிடுகிறது. கட்டாகக் கிடக்கும் ஒயருக்கோ அருகில் இருப்பதும் சூடான ஒயரே என்பதால், உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்துக்குச் சமமாகும் வரை வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். சாதாரண பிவிசி உறையுள்ள ஒயரின் செம்பு 70 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. தாண்டியவுடன் உறை உருகிவிடாது, ஆனால் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய முதுமை விரைவுபடும்.

இதனால்தான் கட்டட மின்னமைப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60364, ஒயரின் தாங்குதிறனை, அதாவது அளவுக்கு மீறிச் சூடாகாமல் அது சுமக்கக்கூடிய மின்னோட்டத்தை, குறைத்துக் கணக்கிடச் சொல்கிறது. 30 டிகிரி சூழலில் சுவர்க் குழாய்க்குள் தனியாகச் செல்லும் 2.5 சதுர மி.மீ. சுற்று 24 ஆம்பியர் தாங்கும். ஒரே குழாயில் இரண்டு சுற்றுகள் என்றால் அதை 0.80 ஆலும், மூன்று என்றால் 0.70 ஆலும் பெருக்க வேண்டும். சூழல் வெப்பநிலை 40 டிகிரியானால் மேலும் 0.87 ஆல் பெருக்க வேண்டும். சித்திரை வெயில் காயும் மேற்குச் சுவருக்கு அந்த 40 டிகிரி மிகையான கற்பனை அல்ல. ஆக மூன்று சுற்றுகள் சேர்ந்து செல்லும்போது ஒவ்வொன்றுக்கும் மிஞ்சுவது 14.6 ஆம்பியர். மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சில் 16 ஆம்பியர் வகையோ, 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரமானாலும் விழாமல் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆகவே ஒயர் அளவுக்கு மீறிச் சூடாவது அதற்குத் தெரியவே தெரியாது.

எல்லாச் சுற்றுகளும் எப்போதும் முழுச் சுமையில் இருப்பதில்லை என்பது உண்மைதான். குழுவாகச் செல்லும்போது தனக்குரிய தாங்குதிறனில் 30 சதவீதத்துக்கு மேல் சுமக்காத சுற்றை இந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டியதில்லை என்று அத்தரநிலையே சொல்கிறது. விளக்குச் சுற்றுகள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். எர்த் ஒயரையும் எண்ண வேண்டியதில்லை. ஆனால் கோடை இரவில் விடிய விடிய ஓடும் இரண்டு ஏசிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

என் கருத்தில், மெல்லிய சுற்றுகளைப் பலவாக மேலே அனுப்புவதைவிட, 10 சதுர மி.மீ. ஒயரில் ஒரே ஊட்டுச் சுற்றை அனுப்பி, மாடி டிபியில் பிரித்துக்கொள்வதே மேல். மூன்று சுற்றுகளின் 48 ஆம்பியரையும் அது ஒன்றே சுமந்தாலும் மீட்டருக்கு எட்டரை வாட் அளவிலேயே வெப்பம் உண்டாகும். 40 டிகிரியிலும் அதன் தாங்குதிறன் 49 ஆம்பியருக்குக் கீழே போவதில்லை.

குழாய் இரும்பாக இருந்தால் இன்னொரு விதியும் உண்டு: ஒரு சுற்றின் பேஸும் நியூட்ரலும் ஒரே குழாய்க்குள் சேர்ந்தே செல்ல வேண்டும். இரண்டிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் பாய்வதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்கின்றன. பிரித்து அனுப்பினால் மாறும் காந்தப்புலம் இரும்பிலேயே சுழல் மின்னோட்டங்களைத் தூண்டிக் குழாயைச் சூடாக்கும்.

பிவிசி குழாயில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், நியூட்ரல்களைக் கலக்கும் தவறு அங்கேயும் நடக்கிறது. ஒரே பேஸில் இருந்து எடுத்த இரண்டு சுற்றுகளுக்கு ஒரே நியூட்ரலைப் பயன்படுத்தினால், தலா 16 ஆம்பியர் சேர்ந்து அந்த ஒற்றை ஒயரில் 32 ஆம்பியர் பாயும். நியூட்ரலுக்கு எம்சிபி இல்லாத இணைப்பில் அதைத் தடுக்க எதுவும் இராது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் வேறொரு சுற்றின் நியூட்ரலோடு சேர்ந்துவிட்டால், மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழும். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது சுற்றைத் துண்டித்துவிடும். தன் வழியாகப் போன மின்னோட்டம் வேறு வழியில் திரும்புவதை அது கசிவாகவே கணக்கிடுகிறது. ஆகவே குழாயில் இழுக்கும்போதே ஒவ்வொரு சுற்றின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டிவிட வேண்டும். பின்னால் பெட்டியைத் திறப்பவர் எது எதற்குரிய நியூட்ரல் என்று ஊகிக்க வேண்டியிராது.